வாரிக் நெத்தியில இருந்த ரத்தம்

சாயங்காலம் நாலு மணி. நம்ம பக்கத்து ஜூலை மாசக் குளிர்... டார்கோ ஊருக்கு மேல மலைக்காட்டுக்குப் போற மண் ரோடு. அந்த ரோட்ல ஒரே ஒரு வண்டி. உள்ள ரெண்டு பேர். நம்ம க்ளென்னோட அக்கா புருஷன் வாரிக், அவன் பொண்ணு டெஸ். பொண்ணுக்குப் பத்தொன்பது வயசு. அன்னைக்கு அவளுக்கு முதல் வேட்டை.

வாரிக்கை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தன்னோட முதல் மானைப் பத்தி ஆரம்பிச்சான்னா பீர் தீந்தாலும் கதை தீராது. பதினேழு வயசு, ஒரே குண்டு, நின்ன இடத்துலயே விழுந்துச்சு, அவன் அப்பா அதோட ரத்தத்தைத் தொட்டு மூணு விரலால நெத்தியில இழுத்துவிட்டாரு... வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கழுவக் கூடாது, முதல் மான் அடிச்சவனுக்கு நம்ம வழக்கம்தான்.

எல்லாம் உண்மை. ஒண்ணே ஒண்ணைத் தவிர. அது அவனோட ரெண்டாவது மான்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு பொட்டைக் கடமானைச் சுட்டிருக்கான். வயித்துல பட்டுச்சு. ரத்தத் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடைப் பள்ளத்துக்கு இறங்கினான். அங்க ஆள் உசரத்துக்கு ப்ளாக்பெரி முள்ளுப் புதர். உள்ள இருந்து மூச்சு... ஹ்ர்ர்... ஹ்ர்ர்... பயந்துட்டான். இருட்டப் போகுதுன்னு தனக்குத்தானே சாக்கு சொல்லிக்கிட்டுத் திரும்பிட்டான். அப்பா கேட்டதுக்கு, "குறி தப்பிடுச்சுப்பா"ன்னான். மறுநாள் காலைல வேற மான். அந்த ரத்தம்தான் நெத்திக்கு.

இருபத்தெட்டு வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வெக்கம். அந்தப் பள்ளத்துப் பக்கமே போகல.

டெஸ்ஸைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, அந்தப் பள்ளத்துக்குத் தள்ளி இருந்த மேட்டுல நின்னு அவ சுட்டா. குண்டு பட்டுச்சு. மான் துள்ளி ஓடிச்சு... நேரா அந்தப் பள்ளத்துக்குள்ள.

முள்ளு முன்னால வாரிக் நின்னுட்டான்.

"இருட்டப் போகுது. காலைல வந்து பாத்துக்கலாம்."

"அடிச்ச மானை விட்டுட்டுப் போறவன் துப்பாக்கியைத் தொடக் கூடாதுன்னு யாருப்பா சொன்னது?"

சொன்னது அவன்தான். மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. அப்பதான் எல்லாத்தையும் சொன்னான், அவளைப் பாக்காம, தன் பூட்ஸைப் பாத்துக்கிட்டே.

டெஸ் அந்த முள்ளுப் பக்கம் திரும்பிப் பாத்தா. அப்புறம் மெதுவா, "அப்ப அது இங்கயே கிடந்து செத்திருக்கும், இல்லப்பா?"

அப்ப கேட்டுச்சு. ஹ்ர்ர்... ஹ்ர்ர்...

"நீ இங்கயே இரும்மா. உசிரு இருக்கு, பாவம். நான் போய் முடிச்சிட்டு வரேன்."

டார்ச்சைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத் தவழ்ந்து போனான். முள்ளு முதுகுல கிழிக்குது. ஈர முடி வாசனை... கசங்கின இலை வாசனை... உள்ள, ஒரு மான் படுக்கிற அளவுக்குப் புல்லு அமுங்கி இருந்துச்சு. கையை வெச்சுப் பாத்தான். சூடு. மூச்சு இப்ப அவன் காதுகிட்ட...

நின்னுடுச்சு.

மான் இல்ல. ஒண்ணுமே இல்ல. "மன்னிச்சிரு"ன்னானாம். வேற என்ன சொல்றது.

பின்பக்கமாவே தவழ்ந்து வெளிய வந்தா, டெஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. காலடியில அவ சுட்ட மான்.

"இது அப்பவே செத்துடுச்சுப்பா. நெஞ்சுல குண்டு. ரத்தத் தடம் இந்தப் பக்கம்தான் வருது. நீ எதைத் தேடி உள்ள போன?"

"மூச்சு கேட்டுச்சேம்மா..."

"என்ன மூச்சு?"

அவ டார்ச்சை அவன் மூஞ்சிக்குத் திருப்பினா. திருப்பினவ அப்படியே நின்னுட்டா.

"நெத்தியில என்னப்பா?"

முள்ளு கீறியிருக்கும்னு நெனச்சான். வண்டிக் கண்ணாடியில பாத்தா, கீறலே இல்ல. ஆனா ரத்தம். வெதுவெதுன்னு. மூணு கோடு இல்ல. ரெண்டு... பக்கம் பக்கமா, மேல குவிஞ்சு. ஒரு பிளந்த குளம்பை அழுத்தி வெச்ச மாதிரி.

டெஸ் துடைக்கப் போனா. வாரிக் அவ கையைப் பிடிச்சு நிறுத்திட்டான்.

வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவன் அதைக் கழுவல.