பக்கத்தில் உட்கார்ந்த ராஜேஸ்வரி அம்மையார்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் உக்கிரபாண்டி அவர்களே, ராஜேஸ்வரி அம்மையாரின் குடும்பத்தாரே, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து வெயிலைப் பாராமல் இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் வெண்புள்ளி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் சாலமோன். அம்மையார் தொடங்கிய நம் சங்கத்தின் செயலாளர். என் முகத்தில் இருப்பதும் வெண்புள்ளிதான். அழுது பேச எனக்கு வராது, நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு கவலை. வரும் ஞாயிறு பந்தல்குடியில் நம் முருகேஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். கூட இருப்பதாக அம்மையார் வாக்குக் கொடுத்திருந்தார். இனி யார் போவது?

அம்மையார் யார்? இவ்வூர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலை எடுத்துப் போட்டவர். உதட்டோரம் வெளுத்தது, விரல்கள் வெளுத்தன. வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி அவரை மாடிக்குச் சேலை மடிக்க அனுப்பினார். சில நாள் மடித்தார். பிறகு இறங்கி வந்து கேட்டார்: "தொட்டா ஒட்டுற நோயின்னா, நான் மடிச்ச சேலையத்தான கீழ விக்கிறீக?" மறுநாள் பழைய இடத்திலேயே நின்றார்!

அடுத்தது திருச்சுழி தங்கமாரியின் கதை. அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் தந்தை இருளப்பசாமி, மகளுக்கு முழங்கை வரை மருதாணி வைக்கச் சொல்லிவிட்டார். புள்ளி தெரியக்கூடாதே! நம் பக்கத்தில் பலர் செய்வதுதான். அம்மையார் விடவில்லை. "மருதாணி அழியட்டும், அப்புறம் வரச் சொல்லுங்கண்ணே. கட்டிக்கிட்டுப் போன பெறகு அழிஞ்சா, பிள்ளைதான பதில் சொல்லணும்?"

நாள் தள்ளிப் போனது. வந்தவர்கள் கையைப் பார்த்ததும் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். இருளப்பசாமி தெருவில் நின்று ஏசினார்: "ஒன் பேச்சக் கேட்டு எம் மக வாழ்க்கை போச்சே!" அந்தக் கோபத்தில் நியாயம் இல்லையா? இருந்தது. அம்மையார் அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போனார். ஏசிய வீட்டுப் படியை மறுபடி மிதிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

பிறகு மல்லாங்கிணறு முத்துராஜ் வீட்டார் வந்தார்கள். தங்கமாரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மையார் முதலிலேயே சொன்னார்: "பிள்ளைக்கு வெண்புள்ளி இருக்கு. எனக்கும் இருக்கு. ஒட்டாது. இஷ்டம்னா காப்பி குடிங்க."

முத்துராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தலையே" என்றார். அதோ, இருவரும் தம்பதியாக முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை. எழுந்து போனவர்கள் உண்டு, இனியும் போவார்கள். அவர்கள் போன பிறகும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர் ராஜேஸ்வரி அம்மையார். அவர் இல்லை என்பது எனக்குப் பெருந்துக்கம்.

சற்று முன் முருகேஸ்வரியின் தாயார் என்னிடம் கேட்டார்: "ஞாயித்துக்கெழம அவுகள வர வேண்டாம்னு சொல்லிரவா?" பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னார்: "எதுக்கு ஆத்தா சொல்லணும்? நான் வாரேன். பிள்ளை பக்கத்துல உக்காருறேன்."

சொன்னவர் இருளப்பசாமி.

அம்மையார் பெயரால் இதைவிடப் பெரிய உறுதிமொழி எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு காலை பந்தல்குடி பஸ்ஸில் அவரோடு நானும் ஏறுகிறேன்.