நாலு பேட்டைக் கடல்

"சுவத்துல காதை ஒட்ட வெச்சுக்கிட்டே இருந்தா சத்தம் கேக்காம என்னம்மா செய்யும்?" என்றார் பெரியவர்.

"அப்பா, நீங்க உள்ள போங்க" என்றார் அவர் மகன்.

"நான் எதுக்குடா போகணும்? நம்ம வாசல்ல வந்து நின்னுக்கிட்டு நம்ம தொட்டிய நிறுத்தச் சொல்றாங்க, நான் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கேன்?"

"தொட்டிய நிறுத்தச் சொல்லல. அந்த வாளிய நிறுத்தச் சொன்னேன்" என்று நானும் குரலை உயர்த்தித்தான் சொன்னேன். "தொபீர் தொபீர்னு ஓயாம கொட்டுது. என் தலையிலயே கொட்டுற மாதிரி இருக்கு."

"கொட்டினா நல்லதுதான். காதுல தண்ணி போனா கொஞ்ச நாளைக்கு எங்க கதையெல்லாம் ஊருக்குப் போகாது."

மாடிப்படியில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேல்வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சை ரசிக்கத் தெரியாதவள் இல்லை நான். எனக்குக் கோபம் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறீர்கள், உங்களிடம் எதற்கு ஒளிவுமறைவு.

நான் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காதுதான் எனக்குச் சோறு போட்டது. அதனால் இந்தக் குடியிருப்பில் எனக்கு 'எக்ஸ்சேஞ்ச் அக்கா' என்று பெயர். பதிலுக்கு நானும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மகன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனால் நான் வைத்த பெயர் கடல்காரர். அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அவளை மாத்திரை என்பேன், ஆள் சிறியவள், பேச்சு கசக்கும். பெரியவர் நகரக் குடிநீர்த் துறையில் தெருத்தெருவாக வால்வு திறந்து மூடியவர். ஆகவே வால்வு அய்யா. வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு தெருவைக்கூடத் தவறாகத் திறந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கடல்காரர் கூடத்துச் சுவர் முழுக்க ஒரு கண்ணாடித் தொட்டி கட்டினார். எல்லோர் வீட்டிலும் இருக்கிற மீன்தொட்டி மாதிரி இல்லை. ஒரு பவளப்பாறையை அப்படியே வெட்டி வைத்தது போல, இடப்பக்கம் அலை மோதும் மேடு, அடுத்து சரிவு, பிறகு மணல் பரந்த அமைதியான பகுதி, கடைசியில் இருட்டுக் குகை. நடுவே தடுப்பு கிடையாது. வெளிச்சமும் ஓட்டமும் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். மேட்டுக்கு அலை வேண்டுமே, அதற்குத்தான் அந்த வாளி. கூரைக்குக் கீழே தொங்கும், நிரம்பும், கவிழும். என் கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரின் இந்தப் பக்கம்.

"கடல்ல யாரும் எல்லாரையும் ஒரே இடத்துல அடைக்கறதில்ல அக்கா" என்று எனக்கு விளக்கினார். "அலை வேணும்னா அலையில. நிழல் வேணும்னா நிழல்ல. தள்ளித்தள்ளி இருந்தாத்தான் பொழைக்கும். பக்கத்துல வெச்சா ஒண்ணை ஒண்ணு சுட்டுடும்."

"பவளம் சுடுமா?"

"ராத்திரியில நீளமா கையை நீட்டும். பக்கத்துல இருக்கறதைத் தொட்டுச் சுட்டுக் கொன்னுடும்."

நம்மைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர் மூன்று பேருக்கு இரண்டே அறை, பவளத்துக்கு நாலு பேட்டை. மாத்திரைக்கு இதில் எரிச்சல் உண்டு. ஆனால் பெரியவருக்கு அந்தத் தொட்டி உயிர். மனைவி போன பிறகு ஆறு மாதமாக நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த மனிதரைத் தொட்டிதான் எழுப்பி நடக்க வைத்தது. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகத் தினமும் காலையில் நல்ல தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும், அதனால் உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது. நீலக் கேன் நல்ல தண்ணீர், வெள்ளைக் கேன் உப்புத் தண்ணீர். மகன் தன் கடலின் வால்வைத் தன்னிடம் கொடுத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

சண்டைக்கு மறுவாரமே கடல்காரர் வாளிக்கு அடியில் ரப்பர் வைத்தார். நல்ல பிள்ளை. "அப்பா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா அவரு தனியா இருக்காரு, கொஞ்சம் எட்டிப் பாத்துக்குங்க" என்று வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்தார். நான் மறுக்கவில்லை. அக்கம்பக்கம் என்றால் பின் எதற்கு?

முதலில் நீலக் கேனில் உப்பைப் போட்டேன். தொட்டிக்குப் பக்கத்திலேயே உப்பு வாளி இருந்தது, இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். பெரிய யோசனை ஏதுமில்லை, என்ன ஆகிறது பார்ப்போமே என்றுதான். கடல்காரர் தம் தொட்டியில் செய்து பார்க்கவில்லையா, அது மாதிரி. சில நாளில் மணல் பகுதியில் இருந்ததெல்லாம் சுருங்கிக்கொண்டது. கடல்காரர் கருவியில் உப்பைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"நான் தொடலடா அந்த உப்பை."

"கேன் தானா உப்பாகுமாப்பா?"

நான் வாசலில்தான் நின்றிருந்தேன். "விடுங்க தம்பி. வயசானவரு. அன்னைக்கு உப்பு வாளியத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னாரு, நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன். பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது. சந்தேகம் இன்னும் வரவில்லை. அவருக்குத் தன் மேலேயே வரவேண்டிய சந்தேகத்தைச் சொல்கிறேன்.

அதன்பிறகு ஊற்றும் முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். வால்வுக்காரர் அல்லவா, உஷார். ஆகவே நான் கேனை விட்டுவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் நீண்ட இடுக்கி ஒன்று தொங்கும். மதியம் சாப்பிட்டதும் அவர் நாற்காலியில் கண்ணயர்வார். அந்த நேரத்தில் போய்க் குகையிலிருந்து ஒரு பவளத்தை எடுத்து மேட்டில் வெளிச்சத்துக்கு நேராக வைப்பேன். மேட்டிலிருந்து ஒன்றைக் குகைக்குள் தள்ளுவேன். இரண்டை நெருக்கமாக உட்கார வைப்பேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றின் விளிம்பு எரிந்து எலும்பு தெரியும். நிழலில் வாழ்ந்தது வெளிச்சத்தில் வெளுத்துப்போய் உப்புக்கல் மாதிரி நிற்கும். சாயம் போகாத துணி என்று நம்பி வாங்கி, முதல் சலவையிலேயே வெளுத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"மாமா இதைச் செய்ய மாட்டாருங்க" என்று மாத்திரை ஒருத்திதான் சொன்னாள். சுவர் வழியாகத் தெளிவாகக் கேட்டது. "அவரு தலையணைய இடம் மாத்தி வெச்சாலே நமக்குத் திட்டு விழும். அவரு போயி எதையாவது இடம் மாத்துவாரா? ஒரு கேமரா வைங்க. தெரிஞ்சு போகும்."

கெட்டிக்காரி. நான் அவளைக் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

மறுநாள் மதியம் பெரியவர் தூங்கும்போது தொட்டியில் ஒரு கிண்ணம் தண்ணீர் மொண்டேன். அவருடைய வலது சட்டைக் கையைப் பிடித்து, முழங்கை வரைக்கும் மெதுவாக நனைத்தேன். குளிர்ந்த தண்ணீர் இல்லை அது, பவளத்துக்கு வேண்டிய இளஞ்சூடு. அவர் விழிக்கவில்லை. விரல்களையும் நனைத்தேன். இடுக்கியை அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டினேன்.

விழித்தவர் முதலில் இடுக்கியைப் பார்த்தார். பிறகு கையை. சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார், நாக்கில் வைத்தார். நான் பத்திரிகையில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அம்மா" என்றார். அதற்கு முன் என்னை அவர் அப்படி மெதுவாகக் கூப்பிட்டதில்லை. "நான் எழுந்திருச்சேனா?"

"இப்பத்தான அய்யா எழுந்து போனீங்க. நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்கல. கண்ணு மட்டும் திறந்திருந்துச்சு."

"எனக்கு ஞாபகமே இல்லையேம்மா."

"இருக்காது அய்யா. தினமும் நடக்கறதுதான. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு இத்தனை நாளா சொல்லல."

அவர் அழவில்லை. நனைந்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, திருடனைப் பிடித்தவர் போல வைத்திருந்தார். சட்டை காய்ந்து உப்புப் பூத்தது.

"கேமரா வைக்கப் போறாங்களாம்" என்றார் பிறகு.

"வெச்சா உங்க மகன் பார்ப்பாரு அய்யா. கடையில உக்காந்து போன்லயே பார்ப்பாரு. நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டு நடக்கறதை. எனக்கே பயமா இருந்துச்சு, பெத்த பிள்ளைக்கு எப்படி இருக்கும்?"

அன்று மாலை கேமரா வேண்டாம் என்று அவரே மகனிடம் கெஞ்சினார். செய்தது எல்லாம் தான்தான் என்றும் ஒப்புக்கொண்டார். மாத்திரை விடவில்லை. "யாரு மாமா உங்களுக்கு இப்படிச் சொன்னது?" என்று கேட்டாள். "யாரும் சொல்லலம்மா, எனக்கே தெரியும்" என்றார். பார்த்தீர்களா, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

மகன் அழைத்துப்போன மருத்துவர் கேள்வி கேட்டபோது தெரிந்ததற்கும் தெரியாது என்றாராம். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயம். முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று அவர்தான் முதலில் கேட்டார். நான் அந்த வார்த்தையையே எடுக்கவில்லை, நல்ல இல்லம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துக் கொடுத்ததோடு சரி. கிளம்பும்போது தொட்டிப் பக்கம் திரும்பாமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் போன பிறகு கடல்காரருக்குத் தொட்டியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மோட்டார்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். நாலு பேட்டையும் ஒரே பழுப்பாயிற்று. வாளியும் நின்றது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குச் சில நாள் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? சத்தம் எனக்கு ஒரு தொந்தரவாகவே இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இல்லத்துக்கு வாரம் தவறாமல் போகிறேன். சாப்பாட்டு வேளையாகப் பார்த்துப் போவேன். அங்கே அவர் யாரையும் நம்புவதில்லை, தன் வயிற்றையும் நம்புவதில்லை. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். "நான் சாப்பிட்டுட்டேனாம்மா?" என்பார். "இப்பத்தான அய்யா சாப்பிட்டீங்க" என்பேன். கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். மெலிந்துகொண்டே வருகிறார் என்று நர்ஸ் சொன்னாள். வயதானால் மெலிவது சகஜம். அன்று மாடிப்படியில் எல்லோரையும் சிரிக்க வைத்த வாய், இப்போது நான் சொன்னால்தான் திறக்கும், நான் சொன்னால்தான் மூடும்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டீர்களே. மாமனாரை அனுப்பியதை மாத்திரையால் பொறுக்க முடியவில்லை. தினம் சண்டை, பிறகு பேச்சே இல்லை, கடைசியில் தன் அக்கா இருக்கும் ஊருக்கே போய்விட்டாள். விவாகரத்தும் ஆயிற்று. கடல்காரர் கடையை விற்றார், கண் மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். மாதத்துக்கு ஒருமுறை என்னிடம்தான் அப்பாவைப் பற்றி விசாரிக்கிறார், பெற்ற தாய்க்கு மேல் என்கிறார். அந்தப் பெரியவருக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.