கணவர் சொல்லி அனுப்பிய செய்திகள்

என் கையெழுத்தை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. டாக்டர்கள் எழுதுவது கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் எங்கள் மனநல வார்டில் எதை எழுத வேண்டுமென்றாலும் ஆலோசகரான என்னிடம்தான் வருவார்கள். உங்கள் விசாரணை மேசைமேல் இருக்கும் அந்த நீல நோட்டும் நான் எழுதியதுதான். தேதி, கட்டில் எண், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், எல்லாம் இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. அது என்னுடையதில்லை என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

தொற்று பரவிய மூன்றாம் வாரமே பார்வையாளர்களை நிறுத்திவிட்டார்கள். நோயாளிகளிடம் செல்போன் கிடையாது. வார்டுக்கு வெளியே ஒரே ஒரு தொலைபேசி. வீட்டுக்காரர்கள் காலையில் கூப்பிடுவார்கள். நான் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, தலை முதல் கால்வரை மூடும் வெள்ளை உடைக்குள் புகுந்து, ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொல்வேன். சொல்லி முடித்ததும் நோட்டில் ஏற்றுவேன். உள்ளே போன காகிதம் வெளியே வரக்கூடாது என்பது விதி. அதனால் நோட்டு மருந்து அலமாரியின் இழுப்பறையிலேயே கிடந்தது. கோப்பு வேறு, அது கணினியில் இருக்கும். தலைமை டாக்டர் பார்ப்பது கோப்பை மட்டும்தான்.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் ஒரு கணக்கு டீச்சர். பள்ளிகளை மூடியபிறகு வீட்டிலிருந்து கணினியில் பாடம் நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் ஒருவரும் முகம் காட்டவில்லை. நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார். ஒருநாள் கணினியை அணைத்த பிறகும் பிள்ளைகள் சந்தேகம் கேட்பது நிற்கவில்லை. குளியலறையிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். கணவர்தான் கூட்டிவந்து சேர்த்தார்.

அந்த மனிதர் தினமும் கூப்பிடுவார். "சாப்டாளான்னு கேளுங்க சார். மாடில துணி காயப்போட்டுட்டேன்னு சொல்லுங்க." அவ்வளவுதான். நான் போய்ச் சொன்னால் டீச்சர், "வேற?" என்பார். வேறு ஒன்றுமில்லை என்பேன். "அதானே, வாயத் திறந்தா முத்து உதிர்ந்திடுமே" என்று சிரிப்பார். நான் வரும் நேரத்துக்குத் தலைவாரி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அப்போது ஆஸ்பத்திரி விடுதியில் தங்கியிருந்தேன். என் மனைவி அவள் அக்கா வீட்டில் இருந்தாள். "நீங்க அங்கேயே இருங்க, இங்க குழந்தைங்க இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். அதன்பிறகு நானும் கூப்பிடவில்லை.

டீச்சர் வந்துசேர்ந்த இருபதாம் நாள் கணவரின் தம்பி பேசினார். "அண்ணன் நேத்து போயிட்டார் சார். நாலே நாள் காய்ச்சல். அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாங்க, முகத்தக்கூடக் காட்டல. அண்ணிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

தலைமை டாக்டரிடம் கேட்டேன். "குரல் கேக்கறது இப்பதான் நின்னிருக்கு. ஒரு வாரம் போகட்டும். அதுவரைக்கும் எதையாவது சொல்லிச் சமாளிங்க" என்றார். ஆக, முதல் ஏழு நாள் பொய் என்னுடையது இல்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

எட்டாம் நாள் சொல்வதற்காகத்தான் போனேன். டீச்சர் தலைவாரி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வெளியே மனிதர்கள் என்னைப் பார்த்தால் நாலடி தள்ளிப்போன காலம் அது. "இன்னைக்குத் துணி காயறதுக்குள்ள மழை வந்துடுச்சாம்" என்றேன். "எடுத்துட்டாராமா?" என்று கேட்டார். எடுத்துவிட்டார் என்றேன். வெளியே வந்து கோப்பில், 'கணவர் இறந்த செய்தி தெரிவிக்கப்பட்டது. நோயாளி அமைதியாக ஏற்றுக்கொண்டார்' என்று எழுதினேன். வருவதற்கு முன்பே உள்ளே நோட்டில் மழையைப் பற்றி எழுதியிருந்தேன். சொன்ன செய்தியை எழுதாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை.

டாக்டருக்கு என்மேல் மதிப்புக் கூடியது. டீச்சராகப் பேசினால் ஒழிய யாரும் சாவைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணலாம் என்பார்கள். நான் அதில் பாதி கூடச் சொல்லவில்லை, ஒரு கல்யாணம் இரண்டு மாதம் கூடுதலாக நீடித்தது. கணவர் என் வாய் வழியாகக் கொஞ்சம் அதிகமாகவே பேசத் தொடங்கினார். கண்ணாடி உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றார். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றார். டீச்சர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். மாத்திரைக்கு மட்டும் அதில் பங்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். கடைசி நாள் காலையிலும் செய்தி சொன்னேன். கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பதாகச் சொன்னார் என்றேன்.

கொழுந்தன் காரில் கூட்டிப்போனார். பாதி வழியில், "அண்ணன் படத்தை ஹால்ல மாட்டியிருக்கேன் அண்ணி" என்றாராம். டீச்சர் சிரித்திருக்கிறார். உயிரோடு இருக்கிற ஆளுக்கு எதற்குப் படம் என்று கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். டீச்சர் பதறவில்லை. வகுப்பில் நிற்பதுபோல நின்று, "இவர்தான் தினமும் வந்து சொன்னார். இன்னைக்குக் காலைலகூட சொன்னார். சார், நீங்களே சொல்லுங்க" என்றார்.

"டீச்சர், அவர் போன செய்திய நான்தானே உங்ககிட்டச் சொன்னேன். ஞாபகம் இல்லையா?" என்றேன்.

அவர் என் கண்ணையே பார்த்தார். உடையில் வெளியே தெரிவது அது ஒன்றுதான். டாக்டர் கோப்பைத் திறந்து என் இரண்டு வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, குரல் திரும்பிவிட்டது என்று எழுதினார். ஏற்கெனவே குரல் கேட்டவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருந்தைக் கூட்டினார்கள். கை நடுங்கத் தொடங்கியது. கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, சிஸ்டர்கள்தான் ஊட்டினார்கள். நோட்டு அவர் கட்டிலிலிருந்து பத்தடி தூரத்தில் இழுப்பறையில் இருந்தது. எட்டு மாதம் நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் மாதம் டீச்சரே டாக்டரிடம், "யாரும் எதுவும் சொல்லல. நானேதான் நினைச்சுக்கிட்டேன்" என்றார். நோயாளி தன் நோயை ஒத்துக்கொள்வது பெரிய முன்னேற்றம். திங்கட்கிழமை அனுப்புவதாக முடிவானது. கொழுந்தன் தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்து வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை நான் ஏழாம் கட்டிலுக்குப் போனேன். டீச்சர் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். குனிந்து மெதுவாக, "சாப்டியான்னு கேட்கச் சொன்னார்" என்றேன்.

அவர் கத்தவில்லை. மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கேக்கல" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன். சிஸ்டர் போய்ப் பார்த்தபோது ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "எனக்குக் கேக்கல, எனக்குக் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். திங்கட்கிழமைப் பயணம் நின்றுபோனது. இப்போது ஒன்றரை வருஷமாகிறது, இன்னும் அதே கட்டிலில்தான் இருக்கிறார்.

வெளியே போனால் யாராவது அவரை நம்பிவிடுவார்கள் என்று பயந்தாயா என்கிறீர்கள். பயம் இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. கணவர் இல்லாத ஊருக்குள் ஒருத்தியை எப்படி அனுப்புவது? கொழுந்தன் வீட்டில் அவரிடம் சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள்? தொற்று ஓய்ந்து வார்டுக் காகிதங்களை எரிக்க எடுத்தபோது, சிஸ்டர் இந்த நோட்டைப் புரட்டாமல் இருந்திருந்தால் நான் அவரைக் கடைசிவரை நன்றாகவே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள். டீச்சர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கணவர் போய் ஏழு நாள் கழித்து வந்த செய்திகள் அத்தனையும் நான் இட்டுக்கட்டியவை. அவருக்குத் திரும்ப நோய் வரவே இல்லை. அவ்வளவு மருந்தும் நோயில்லாத உடம்புக்குள்தான் போனது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். உங்கள் ஆட்கள் போய் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடப் போகிறார்கள். அவர் தாங்கமாட்டார். நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். என்னைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.