பதினோரு நீல டிரம்கள் போன இடம்

என் பெயர் தில்ஷாத், வயது முப்பத்து நான்கு, கணவர் பெயர் யாசிர், இருப்பிடம் ஆம்பூர் கரைமேட்டுத் தெரு, தொழில் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பது. உதவி ஆய்வாளர் பாரதி மேடம் கேட்க, நான் சொல்ல, அவர் தம் கைப்பட எழுதியது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் ஆறு வயது மகள் சஹருடனும் குடியிருந்து வருகிறேன். வீட்டில் உருது, தெருவில் தமிழ். ஸ்டேஷனும் தெருவைச் சேர்ந்ததுதான் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். என் கணவர் இஷ்தியாக் அகமது சாகிப்பின் தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். அங்கே தோலுக்குச் சாயம் ஏற்றும்போது சாயத்தைக் கரைப்பதற்கு ஒரு தெளிந்த திரவம் சேர்ப்பார்கள். பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும் என்று அவர் சொல்வார். அது நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் வரும். டிரம்மின் அடிப்பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அந்தத் திரவம் கெட்டவர்கள் கைக்குப் போனால் விஷவாயு ஆயுதம் செய்யவும் உதவும் என்பதால், எங்கே எவ்வளவு செலவானது என்று மத்திய அரசு கண்காணித்து வருகிறது. காலி டிரம்மைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் உடைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு இந்த வாரம்தான் தெரியும்.

என் கணவருக்கு முன்பே தெரியும். அதை நான் மறைக்கவில்லை. போன வருடம் வேலூரில் ஒரு ஓட்டலில் இதற்காக ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள், இவர் போய் வந்தார். இன்னா சொன்னாங்க என்று கேட்டதற்கு, ஏசி ஜாஸ்தி, சாப்பாடு பிரமாதம், ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டினார்கள் என்றார். ஒரு துணிப்பையும் கொடுத்திருந்தார்கள். அதில்தான் இன்று வரை வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு இந்தக் கோடை வந்தது. எங்கள் தெரு பாலாற்றின் கரையில் இருக்கிறது, ஆற்றில்தான் தண்ணீர் இல்லை. போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. லாரி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் பிடித்து வைக்கப் பாத்திரம் போதாது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை டிரம் வாசலில் இல்லாத வீடு கிடையாது. புதுக் குடித்தனம் வைத்தால் பாய், அடுப்புக்கு முன்னால் டிரம்முக்குத்தான் சொல்லி வைப்பார்கள். ஸ்டோரில் ஆள் இருந்தால் அவரிடம் கேட்பது வழக்கம், கேட்டால் கொடுப்பதும் வழக்கம். அப்படி என் கணவரிடம் கேட்டார்கள். அவர் பதினோரு காலி டிரம்களைக் கொண்டுவந்து, மேல்மூடியை அறுத்து, சுண்ணாம்பும் சோப்பும் போட்டு எங்கள் வாசலிலேயே கழுவி, எங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தார். கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். காலி என்றால் காலிதானே என்றார். யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை.

டிரம்களைக் கழுவிய அன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஒரு டிரம்முக்குள் சஹர் புகுந்து உட்கார்ந்துகொண்டாள். வெயில் பிளாஸ்டிக் வழியாக இறங்கி அவள் முகம், கை, பல் எல்லாம் நீலமாக இருந்தது. உள்ளேயிருந்து பாடினாள், பாட்டு ரொம்ப தூரத்திலிருந்து வருவது போல வந்தது. வேலைக்கு நேரமாயிற்று என்பதையே மறந்து நான் நின்றுவிட்டேன். இது விசாரணைக்குத் தேவையில்லை என்று மேடம் சொன்னார். டிரம் எங்கள் வாசலில் இருந்ததற்கு வேறு சாட்சி என்னிடம் இல்லை என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு, எங்கோ ஒரு துறைமுகத்தில், தோல் எண்ணெய் என்று பொய்ப் பெயர் போட்டு வெளிநாட்டுக்கு ஏற்ற வைத்திருந்த இதே திரவம் பிடிபட்டதாம். அதிலிருந்து இதைப் பயன்படுத்தும் இடங்களில் எல்லாம் சோதனை நடந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை டெல்லியிலிருந்து வந்த ஒரு அதிகாரி என் கணவரின் ஸ்டோரைப் பார்த்தார். பதினோரு காலி டிரம்கள் இல்லை. காலி டிரம்மைக் காட்டினால் திரவம் இங்கேயே செலவானது என்று ஒப்புக்கொள்கிறோம், இல்லையென்றால் முழு டிரம்மாகவே வெளியே போயிற்று என்றுதான் எடுத்துக்கொள்வோம் என்று அவர் சொன்னதாகத் தெரிகிறது. என் கணவர், தெருவுக்குக் கொடுத்தேன், வாருங்கள் காட்டுகிறேன் என்று அவர்களை ஜீப்பில் அழைத்து வந்தார்.

அவர்கள் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டும் வேலு அண்ணன் தொழிற்சாலை வாசலில் ஜீப்பைப் பார்த்துவிட்டு, எதிர் வீட்டு அமிர்தவள்ளி அக்காவுக்கு போன் போட்டிருக்கிறார்.

"யாசிர் பாயைப் புடிச்சிட்டாங்கக்கா, டிரம்மு விஷயமாம். ஒண்ணு கூட கண்ல படக்கூடாது, எடுத்து மறைங்க."

அப்போது நான் வீட்டுக்குள் படுத்திருந்தேன். லேசான ஜுரம், வேலைக்குப் போகவில்லை. அரைத் தூக்கத்தில் தெருவில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். தூக்கத்திலேயே, மூடி வைத்த பாத்திரத்தையெல்லாம் திறந்து வையுங்கள் என்று யாரிடமோ சொன்னேன். எழுந்து வெளியே வந்தபோது தெரு சுத்தமாக இருந்தது. ஒரு வாசலிலும் டிரம் இல்லை. எங்கள் வாசலில் இருந்ததும் இல்லை. டிரம் இருந்த இடத்தில் எல்லாம் வட்டமாக ஈரம் மட்டும் இருந்தது, அதுவும் வெயிலில் சுருங்கிக்கொண்டே வந்தது. ஜுரக் கனவு இன்னும் முடியவில்லை போலும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் ஜீப் வந்தது. என் கணவர் இறங்கினார், பின்னால் அதிகாரியும் மேடமும் இறங்கினார்கள். வீடு வீடாகக் கேட்டார்கள். "டிரம்மா? எங்க கிட்ட ஏது சார் டிரம்மு? குடத்துல தான் புடிக்கிறோம்" என்று அமிர்தவள்ளி அக்கா கோயிலில் சத்தியம் பண்ணுகிற முகத்தோடு சொன்னார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். என் கணவர் அந்த ஈர வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவர்கள் தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. பொய் என்று சொன்னால் பதினோரு வீடும் மாட்டும். அதனால் வாயே திறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானாகவே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஜீப் திரும்புவதற்குள் வட்டங்களும் காய்ந்துபோயின. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதன் பிறகு நான் ஒவ்வொரு வீடாகப் போய், டிரம்மைக் கொடுங்கள், அது கிடைத்தால்தான் அவரை விடுவார்கள் என்று கேட்டேன். ஒருவரும் நம்பவில்லை. போலீஸ்காரர்கள் என்னை ஏமாற்றிப் பேச வைக்கிறார்கள் என்றார்கள். வேலு அண்ணன் என் தலையில் கை வைத்து, "நீ பயப்படாத தில்ஷாத், உயிரே போனாலும் டிரம்மு எங்கன்னு சொல்ல மாட்டோம்" என்றார். அப்படியொரு பாசத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. வீட்டுக்கு வீடு சாப்பாடு வந்தது, டிரம் வரவில்லை.

இன்று, வியாழக்கிழமை மதியம் மறுபடி கண்ணயர்ந்தேன். கனவில் என் கணவர் பாலாற்று மணலில் நடந்து போகிறார். மணலுக்கு அடியிலிருந்து நீல வெளிச்சம் வருகிறது. கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்க்கிறார், ஆனால் நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கனவெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்று மேடம் பேனாவை மூடினார். அந்தக் கனவு வந்ததால்தான் நான் செருப்பு கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினேன், இல்லாவிட்டால் ஏன் ஓடினேன் என்று எழுதுவீர்கள் என்று கேட்டேன். மறுபடி திறந்தார்.

அமிர்தவள்ளி அக்கா பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியிலேயே நின்று சொன்னேன்.

"அக்கா, அவரை உள்ள வெச்சிருக்கிறது போலீஸ் இல்ல. நீங்க எல்லாம் வெச்ச பாசம் தான்க்கா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னாடி இப்டி சொல்லிட்ட" என்றார். அப்புறம் அடுப்பை அணைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனார். சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவே, மணலைத் தோண்டி, பதினொன்றையும் பாதி புதைத்து மேலே தழை போட்டு வைத்திருந்தார்கள். தழையை விலக்கியதும் நீலம் தெரிந்தது. என் கனவைப் பற்றி நான் அக்காவிடம் சொல்லவில்லை. பேய் பிடித்தது என்பார்.

அதன் பிறகு அக்கா ஒரு சத்தம் போட்டார், தெருவே ஆற்றுக்கு வந்துவிட்டது. டிரம்களைத் தோண்டி எடுத்து, ஸ்டேஷனுக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். வேலு அண்ணன் ஒன்றை ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார வைத்து, முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். மாலை வெயில் எதிரே அடித்தது. காலி டிரம்கள் ரோட்டில் உருளும் சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள். என்ன ஊர்வலம் என்று கேட்டார்கள். நான் நடப்பது போலவே எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளில் முதல் முறையாக மனசு லேசாக இருந்தது.

டெல்லி அதிகாரி டிரம்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லி, அடியில் இருந்த எண்களைப் பார்த்தார். பதினொன்றும் சரியாக இருந்தன. அவர் யாருக்கோ போன் செய்து ஆங்கிலத்தில் பேசினார், சிரித்தார், நாட்டைவிட்டு எதுவும் போகவில்லை என்று சொன்னதாக மேடம் எனக்கு எடுத்துச் சொன்னார். என் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் கணவரை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னார். என் கணவர் எதிரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், தாடி வளர்ந்து யாரோ மாதிரி இருந்தார். நான் என்று அவருக்கு உடனே தெரிந்தது.

அப்போது மேடம், எழுதுவதற்காக அல்ல, சும்மா, "இதுல தண்ணி புடிச்சீங்களே, துவைக்கிறதுக்கா?" என்று கேட்டார். "குடிக்கவும் தான் மேடம்" என்றேன். மேடம் அதை அதிகாரியிடம் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. கழுவியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். பெரும்பாலும் என்றால் என்ன என்று கேட்டேன். அது தங்கள் துறை இல்லை, வெளியே போகாமல் பார்ப்பதுதான் தங்கள் வேலை, இது பற்றி வேறு துறைக்குத்தான் மனுக் கொடுக்க வேண்டும் என்றார். தூரதேசத்தில் யார் மேலும் இது பட்டுவிடக்கூடாது என்று டெல்லியிலிருந்து வந்து தேடினார்கள், நல்ல காரியம்தான். எங்கள் தெருவுக்குள்தான் போயிருக்கிறது என்று தெரிந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். சஹர் அந்தத் தண்ணீரைக் கோடை முழுவதும் குடித்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது என்றே எழுதுங்கள், வேறு நல்ல வார்த்தை போட வேண்டாம்.

இதுவரை நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, கனவும் கண்டது கண்டபடிதான். ஆனால் பதினோரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் யார், என்றைக்கு, எங்கே வைத்து ரத்தப் பரிசோதனை செய்வார்கள் என்று இதற்குக் கீழே ஒரு வரி எழுதி, அதில் அந்த அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகுதான் நான் போடுவேன்.

எழுதியவர் குறிப்பு: மேற்படி வாக்குமூலம் தில்ஷாத்துக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டார், கையொப்பமிட மறுத்துவிட்டார். அவர் கையொப்பமிட்டால்தான் கணவரை விடுவிக்க முடியும் என்று எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கணவர் யாசிர் தம் மனைவியிடம் தமிழிலேயே, எனக்கும் கேட்கும்படி, "நான் இங்கியே குந்திக்கிறேன், நீ போடாத" என்றார். மகள் சஹர் அவர் மடியில் தூங்குகிறாள். தெருவிலிருந்து மற்ற பத்து வீட்டாரும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே கேட்ட வரி இன்னும் எழுதப்படவில்லை. கையொப்பத்துக்கான இடம் காலியாக விடப்பட்டுள்ளது.

பாரதி, உதவி ஆய்வாளர்