வலது கால்

— “1992 மார்ச் 28, சனி. நேற்று எழுதியதில் ஒரு பிழை. மேலே தொங்கும் மைக் தரையிலிருந்து ஆறடி உயரம் என்று எழுதியிருந்தேன். இன்று டேப் வைத்து அளந்தேன். ஐந்தடி எட்டு அங்குலம். வருந்துகிறேன்.” ஏலே சுஜினு, யார்கிட்டலே வருந்துற?

— நோட்ட வை அசோக்கு. வேர்த்த கையோட பக்கத்தப் புடிக்காத.

— நாலு அங்குலத்துக்கு மன்னிப்புக் கேக்கான் பாரு! எங்கப்பா முப்பது வருசமா பருத்தி நிறுக்காரு. ஒரு நாளும் வருந்துனதில்ல.

— ஒரு நிமிசம் பேசாம இரி. பாஸ் டிரம்முக்குள்ள தலையணை நகந்துருச்சு. நீ பெடல மிதிக்கிற மிதியில அது பின்னால பின்னால போயிருது.

— மிதிக்கச் சொன்னது யாரு? ‘காலு கேக்கல, காலு கேக்கல’ன்னு ஏழு ஞாயித்துக்கெழமையா ஒரே பாட்டு. கணுக்காலப் பாரு, இட்லி கணக்கா உப்பிக் கெடக்கு.

— அய்யோ! முன்னாலயே சொல்லியிருக்கலாம்லலே.

— சொன்னா அதையும் எழுதுவ. ‘கணுக்கால் வீக்கம் ஒன்றரை அங்குலம்’னு.

— இன்னைக்கு இதோட விட்டுருவோமா? மதுரை ஆர்க்கெஸ்ட்ராக்காரவுக வார சனிக்கெழமைக்குள்ளதான கேசட்டு கேட்டுருக்காக. தவக்காலம் வேற. ஈஸ்டர் வரைக்கும் நமக்குக் கலியாணக் கச்சேரி ஒண்ணுங் கெடையாது.

— வேண்டாம். இன்னைக்கே முடி.

— ஏம்லே இந்தப் பறப்புப் பறக்க?

— உன் எதிரொலிய அமுக்க மூணு பக்கமும் பருத்தி மூடையா அடுக்கி வச்சிருக்கேன்ல, நாளைக்கு அதுக்கு லாரி வருது. அப்பொறம் இது வெறுங் குடோனு. தகரக் கூரை. ஒரு தட்டு தட்டுனா பத்து தட்டாத் திரும்பி வரும். முடிச்சிரு, சுஜினு. எனக்கு ஓஞ்சு வருது.

— சரி. செக் பண்ணிக்கிடுறேன். ஒரு மைக்கு பாஸ் டிரம் முன்னால. அது சர்ச்சு மைக்கு. ஒண்ணு உத்தரத்துல. அது நான் பண்ணுன மைக்கு. பன்னெண்டாவது டேக்கு. ஏலே, என்ன நுனி ஒடஞ்ச குச்சிய வச்சிருக்க? நல்ல ஜோடி எங்க?

— இருக்கு. இருக்குற எடத்துல இருக்கு. நீ பித்தான அமுக்கு.

— ஒண்ணு, ரெண்டு... ம்.

...

— போதும், நிறுத்து. போட்டுக் கேப்போம்.

— என்ன, மூஞ்சி தொங்குது?

— நீயே கேளு.

— கையில அடிக்கிற ஸ்நேர் கேக்குது. சிம்பல் கேக்குது. கீழ காலு ஒண்ணுமே இல்ல. நொண்டி வாசிச்ச மாதிரி இருக்கு.

— அப்படியெல்லாம் சொல்லாத. மைக்கு இன்னும் ரெண்டங்குலம் பக்கத்துல வச்சா...

— ஏழு வாரமா ரெண்டு ரெண்டங்குலமா நகத்துற. இந்நேரம் மைக்கு பந்தல்குடி போயிருக்கணும். விடு. மல்லாங்கிணறு பால்ச்சாமி மிதிச்சா எப்படி இருக்கும் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு டீ கிளாஸெல்லாம் ஆடும்.

— இப்ப எதுக்கு அவன் பேச்சு?

— சும்மா சொன்னேன்.

— ரெண்டு பேரும் உசுரோட இருக்கீகளா? மோரு கொண்டாந்திருக்கேன்.

— ஜாய்ஸு, மொதல்ல கதவச் சாத்து. அருப்புக்கோட்டை பஸ்ஸு வார நேரம், ஆரன் சத்தம் உள்ள வரும்.

— இந்த வேக்காட்டுல கதவச் சாத்தச் சொல்றான் பாருங்க அசோக்கண்ணே, எனக்கு வாச்ச அண்ணன்! ஏண்ணே, இப்ப எடுத்த கேசட்டக் குடு. பக்கத்து வீட்டு தெரசாள் அக்காவோட வாக்மேன வாங்கிட்டு வந்திருக்கேன். நான் பாட வேண்டிய எடத்த ஒருதரம் கேட்டுக்கிடுறேன்.

— அதுல ஒண்ணும் இல்ல ஜாய்ஸு. என் காலே இல்ல.

— இருங்க... ஆத்தே! என்னண்ணே இந்த மிதி மிதிச்சிருக்கீக? நெஞ்சுல குத்துது.

— எம்மா, நீயுமா? ஓஞ்சு போயிருக்கவன கேலி பண்ணாத.

— சத்தியமா. திம்மு திம்முன்னு வருது.

— ஒரு நிமிசம். எந்த கேசட்டு அது? இங்க குடு. குடுன்னு சொல்றேன்ல!

— பிடுங்காதண்ணே, காது அந்துரும்.

— ...கேக்குது. அசோக்கு, கேக்குதுலே. பன்னெண்டாவது டேக்கேதான்.

— அப்ப நம்ம டேப் பெட்டியில ஏன் கேக்கல?

— இரி. இடது காது மட்டும்... கேக்குது. வலது மட்டும்... கேக்குது. தனித்தனியா ரெண்டு மைக்குலயும் உன் காலு இருக்கு. நம்ம பெட்டிக்கு ஒரே ஸ்பீக்கரு. அதுல ரெண்டும் ஒண்ணாச் சேந்தா மட்டும் போயிருது.

— மண்டையில ஏறுற மாதிரி சொல்லு.

— மூடை வண்டிய ஒருத்தன் பின்னால நின்னு தள்ளுறான். இன்னொருத்தன் முன்னால நின்னு எதுக்கத் தள்ளுறான். வண்டி நகருமா?

— எந்தக் கூறுகெட்டவன் எதுக்கத் தள்ளுனான்?

— நோட்டக் குடு. பிப்ரவரி... இந்தா. “பிப்ரவரி 6, வியாழன். ரேடியோ ரிப்பேர் மாலை வகுப்பில் என் மைக்குக்கு ஒயர் பற்றவைத்தேன். சிவப்பு ஒயர் தீர்ந்துவிட்டது. இரண்டு முனைக்கும் கறுப்பு ஒயரே போட்டேன். வேலை சுத்தமாக வந்தது.”

— ரெண்டுமே கறுப்பு.

— எது எங்க போகணும்னு அடையாளம் வைக்கல. மாத்திப் பத்த வச்சிருக்கேன். நானேதான் அந்தக் கூறுகெட்டவன்.

— ஏண்ணே, அங்குலத்தெல்லாம் அளந்த, இத விட்டுட்டியே!

— கத்திரி இருக்கா அசோக்கு? வெட்டி மாத்தி முறுக்கிட்டாப் போதும். ஆறு மணிக்குக் கரண்டு போயிரும்.

— இங்க மூடை தைக்கிற கோணூசி இருக்கு, அருவா இருக்கு. எதுல தலைய வெட்டிக்கிடுற?

— அருவாளக் குடு.

...

— பதிமூணாவது டேக்கு. பதிமூணு ராசியில்லம்பாக, பாத்துக்கிடுங்க.

— சும்மா இரு ஜாய்ஸு. ஒண்ணு, ரெண்டு... ம்.

...

— பெட்டியிலேயே போடு. அந்த ஒத்த ஸ்பீக்கருல.

— போடுறேன். இந்தா.

— அடேயப்பா! மூடையில இருந்து பஞ்சு பறக்குதுண்ணே!

— அசோக்கு, கேட்டியா?

— கேட்டேன்.

— காலு வலிக்குமே, இவ்வளவு மிதிச்சிருக்கியே!

— இந்தத் தடவ மிதிக்கவே இல்ல. வலி தாங்காம சும்மா தொட்டுத் தொட்டு எடுத்தேன்.

— கும்முன்னு இருக்குலே. இது மேல என் கீபோர்டும் ஜாய்ஸு பாட்டும் ஏத்திரலாம். மதுரைக்காரவுக மூணு பேரையும் சேத்து எடுத்துக்கிடுவாக. ஆடி மாசம் பூரா அவுக கூட கோயில் கச்சேரிதான்.

— நான் கேசட்டு மேல பேரு எழுதுறேன். பாட்டு, ஜாய்ஸ். கீபோர்டு, சுஜின். டிரம்ஸ்...

— டிரம்ஸுக்கு பால்ச்சாமின்னு போடு, ஜாய்ஸு.

— என்னண்ணே?

— நாளைக்கு லாரியில மூடைய அனுப்பிட்டு நான் அப்பா கூட கடையில உக்காறேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன். டிரம் செட்ட பால்ச்சாமி வந்து எடுத்துக்கிடுவான். முந்தாநேத்து வெள்ளிக்கெழம சாமி கும்பிட்டு, அந்த நல்ல ஜோடிக் குச்சிய வெத்தல பாக்குல வச்சு அவன் கையில குடுத்துட்டேன்.

— ஏம்லே? என்னத்துக்குலே? நான் ஒரு வார்த்த சொன்னனா?

— நீ சொல்லல. எழுதியிருந்த. பிப்ரவரி ஒம்பது. “அசோக்கின் வலது கால் பலவீனம். வேறு ஆள் பார்க்கலாமா என்று தோன்றுகிறது. அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.” போன வாரம் நீ தண்ணி குடிக்கப் போனப்ப படிச்சேன்.

— அது... நான் எனக்காக எழுதுனது, அசோக்கு. நான் என்னத்தையாச்சும் எழுதுவேன். உனக்குத் தெரியாதா?

— நாலங்குலம் தப்புன்னாலும் மறுநாள் திருத்துறவன் நீ. இத ஏழு வாரமாத் திருத்தல. அப்ப உண்மைதான்னு நெனச்சேன்.

— போயி குச்சியத் திருப்பி வாங்கிருவோம்.

— வெத்தல பாக்குல வச்சுக் குடுத்தத கேட்டு வாங்குற வழக்கம் எங்க வீட்ல கெடையாது, ஜாய்ஸு. நான் கேக்க மாட்டேன்.

— நோட்ட எடு ஜாய்ஸு. பேனாவும்.

— இப்பயும் எழுதப் போறியாண்ணே?

— “மார்ச் 29, ஞாயிறு. அசோக்கின் வலது கால் பலவீனம் என்று பிப்ரவரி 9 அன்று எழுதியது தவறு. தவறு என் ஒயரில்.”

— ஏலே, அத அடிச்சிரு. நான் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல.

— நீ கேக்க வேண்டாம். எங்க வீட்ல வெத்தல பாக்கு மாத்துற வழக்கமே கெடையாது, நான் கேப்பேன். “நாளை: முதல் பஸ்ஸில் மல்லாங்கிணறு போக வேண்டும். வெட்டிய கறுப்பு ஒயரைப் பால்ச்சாமியிடம் காட்ட வேண்டும். குச்சியோடு திரும்ப வேண்டும்.”