அங்கப்பன் அளவு

உங்கள் வீட்டு வண்டியில் எங்காவது ஒரு பள்ளம் இருக்கிறதா? இருந்தால் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். எதில் மோதியது என்பதைத் தகடு மறைக்காது. கல்லில் இடித்திருந்தால் விளிம்பு விரலைக் குத்தும். மாடு குறுக்கே வந்திருந்தால் குளத்துக் கரை மாதிரி மெதுவாக இறங்கும். சைக்கிள் என்றால் நடுவில் ஒரு கோடு விழுந்திருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி, எனக்கு ஒரு டிங்கரிங் பட்டறை இருந்தது. "கேட்ல இடிச்சுப்போட்டேனுங்க" என்று சொல்லி வண்டியை விடுவார்கள். எதில் இடித்தார்கள் என்பது கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். யாரையும் நான் துருவிக் கேட்டதில்லை. நிமிர்த்திக் கொடுத்துவிடுவேன்.

இப்போது நாக்பூரில் இருக்கிறேன். இங்கேயும் அதே வேலைதான். பேச்சுத் துணைக்குத் தமிழ் தெரிந்த ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாட்டு ஞாபகம் வரும், நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள். பாலாடை நிறத்தில் ஒரு திறந்த கார், சிவப்பு சீட். இடைவேளைக்கு முன்னால் மலைப்பாதையில் கதாநாயகன் அந்தக் காரால் வில்லனின் ஆளை மோதுவான். பானட்டில் ஒரு பள்ளம் விழும். அதற்கப்புறம் படம் முடியும்வரை அவன் அந்தப் பள்ளத்தைச் சரிசெய்யவே மாட்டான். கல்யாண ஊர்வலத்தில்கூட அந்தப் பள்ளத்தோடுதான் கார் வரும். போஸ்டரிலும் பள்ளம்தான் முன்னால் நிற்கும். எங்கள் பக்கம் அதற்குப் 'பள்ளத்துக் கார்' என்றே பெயர்.

நிஜக் காரை மெட்ராஸில் எப்போதோ உடைத்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அதைத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். அடியில் ஒரு பழைய ஹெரால்டு கார். மேலே தெரிகிற தகடு முழுக்க என் கை. சூலூரில் லட்சுமிநாராயணன் என்று ஒருவர், தறிப்பட்டறை வைத்திருப்பவர், அவரும் ஒன்று செய்துகொண்டிருந்தார். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் டீ சாப்பிடுவோம், கதவுக் கைப்பிடியைப் பற்றிப் பேசுவோம். என் மனைவி ராமாமணி பவானியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். "காரு முடிஞ்சதும் சொல்லி உடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அவள் போன மூன்றாவது வருஷம்.

இந்த மாதிரி கார் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. வரைபடம் கிடையாது. வீடியோ கேசட்டைப் போட்டு, காட்சியை நிறுத்தி வைத்து, டி.வி. கண்ணாடி மேல் ஸ்கேலை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் எதை வைத்து எதை அளப்பது? காருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் அளவு. வில்லனின் ஆளாக நடித்தவரின் உயரம் ஒரு பழைய சினிமாப் பத்திரிகையில் இருந்தது. அந்த உயரத்துக்கு, அந்த உடம்புக்கு, தோளின் சரிவுக்குக்கூடச் சரியாக ஒருவன் எங்கள் தெருவிலேயே இருந்தான். அவன்தான் அங்கப்பன். மோட்டார் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுபவன். படத்தின் மேல் என்னைவிடப் பைத்தியம். ஷிப்ட் முடிந்தால் நேராகப் பட்டறைக்குத்தான் வருவான். காருக்குப் பக்கத்தில் நிற்பான். நான் சாக்பீஸால் கோடு போடுவேன். கதவின் மேல்விளிம்பு அங்கப்பனின் இடுப்பெலும்பு. முன்கண்ணாடியின் உச்சி அவன் நெஞ்சு. அந்தக் காரில் அவன் உடம்பிலிருந்து எடுக்காத அளவு ஒன்றுகூட இல்லை.

அவன் வீட்டுக்காரி சின்னாத்தாள் சில நாள் தேடிக்கொண்டு வருவாள்.

"ஏனுங்ணா, எங்கூட்டுக்காரரக் கட்டிப்போட்டு வெச்சிருக்கறீங்களா? ரேசன் கடையில சித்த நேரம் நில்லுன்னா காலு நோவுதுங்கறாரு. இங்க கோயில் செலையாட்ட நிக்கறாரு."

"அங்க நின்னா சக்கரதான் அம்மணி கெடைக்கும்" என்பான் அங்கப்பன், அசையாமல். "இங்க நின்னா நானு வில்லனாக்கும்."

"ஆமா, மூஞ்சியப் பாரு. வில்லன் பொழுதோட வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும்."

அவள் கொண்டுவந்த தட்டை முறுக்கை எனக்கும் வைத்துவிட்டுப் போவாள். நல்ல பெண்.

கோயமுத்தூரில் ஒரு தியேட்டரை எடுத்து நடத்திய சீனிவாசலு, அந்தப் படத்தைப் புதுப் பிரிண்ட் போட்டுத் தீபாவளிக்குத் திரும்ப வெளியிடுவதாக இருந்தார். வாசலில் பள்ளத்துக் காரை நிறுத்த வேண்டும். சூலூர்க் காரா, என் காரா என்பதுதான் கேள்வி. அவர் வந்து என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கடைசியில் பானட்டுக்கு முன்னால் நின்றார்.

"எல்லாஞ் செரிங்க வெங்கடபதி. கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா இந்தப் பள்ளம் சுத்தியல் பள்ளமுங்க."

"எப்படிங்க சொல்றீங்க?" என்றேன். எனக்கும் தெரியும்.

"சூட்டிங்ல பிரேக்குப் புடிக்கறக்குள்ள நெசமாவே ஆளு மேல மோதிப்போட்டாங்களாமா. ஸ்டண்ட்காரருக்கு இடுப்பு போயிருச்சு. அதையே படத்துல வெச்சுட்டாங்க. அது ஆளு பட்ட பள்ளமுங்க. நெழல் உழுகறதப் பாருங்க, கையில வாங்கி வெச்சாப்பல இருக்கும்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சூலூர்லயும் இதே கததான். வெள்ளிக்கெழம காலைல வாரேன். யாரு பள்ளத்தச் செரியாக் கொண்டாறீங்களோ, அவிங்க வண்டிதான் வாசல்ல நிக்கும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அது ஒரு பள்ளமில்லை, இரண்டு. பெரியது அகலமாக, ஆழமில்லாமல் இருந்தது. அது இடுப்பு. அதன் இடப்பக்கம் சின்னதாக, ஆழமாக ஒன்று. அது முழங்கை.

வேறு வழிகளை நான் முயன்று பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பானட் தகட்டைத் திரும்பத் திரும்ப அடித்துச் செய்தேன், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாகக் கெடுத்தேன். மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு மோதினேன். விளிம்பு கூராக வந்தது. மில்லில் இருந்து கழிவுப் பஞ்சு வாங்கித் திணித்த மூட்டையில் மோதினேன். தகடு உள்ளே போய் அப்படியே துள்ளி வெளியே வந்துவிட்டது. வாழைமரத்தில் நன்றாக வந்தது, ஆனால் பானையின் அடி மாதிரி உருண்டையாக இருந்தது. கசாப்புக் கடையில் ஒரு முழு ஆட்டுத் தொடையை வாங்கி வந்து மோதியபோதுதான் விஷயம் பிடிபட்டது. வெளியே மெத்தென்று இருக்க வேண்டும், உள்ளே எலும்பு இருக்க வேண்டும். பள்ளத்தின் அளவு மட்டும் சிறிதாக இருந்தது. ஆட்டுக்கு அவ்வளவுதான்.

அங்கப்பன் அதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன்தான் சொன்னான்.

"நானு நிக்கட்டுங்களா? மெதுவா வந்து தொடுங்க. இடுப்பு எங்க படுது, கை எங்க படுதுன்னு கோடாவது போட்டுக்கலாம்."

பாலமலை அடிவாரத்துக்குப் போகிற மண் ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே வண்டியைக் கொண்டுபோய், அவன் நிற்க, நான் நடை வேகத்தில் வந்து அவன் வேட்டியைத் தொடுகிற மாதிரி நிறுத்துவேன். படத்தில் வருகிற மாதிரியே அவன் கையைத் தூக்கி முகத்தைத் திருப்புவான். கோடு போட்டுக்கொள்வோம். பயம் என்பதே அவனுக்கு இல்லை.

"இன்னுங் கொஞ்சம் வெரசா வாங்ணா. ஆஸ்பத்திரில படுத்தா கம்பெனில லீவு குடுப்பாங்கல்ல" என்று சிரிப்பான்.

வியாழக்கிழமை சாயங்காலமும், பள்ளமில்லாத புது பானட்டை மாட்டிக்கொண்டு போனோம். கடைசியாக ஒரு தடவை கோட்டைச் சரிபார்த்துவிட்டு, ராத்திரி சுத்தியலாலேயே என்னால் முடிந்தவரை செய்துவிடுவதாக இருந்தேன். அதுதான் உண்மை. போகும் வழியில் அங்கப்பன் புதுச் சீட்டைத் தடவிக்கொண்டே பேசினான்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்லோணும். சூலூர்க்காரரு கம்பெனிக்கே வந்துட்டாரு. அவரு வண்டிக்கும் சித்த வந்து நிக்கச் சொல்றாரு. இன்னைக்கு ராத்திரியே வாரேன்னு சொல்லிப்போட்டனுங்க."

நான் கியரை மாற்றினேன்.

"கோவமுங்களா? அவிங்களும் நம்மாட்டப் படத்துப் பைத்தியந்தானுங்ளே. பாவம், கதவே அவருக்கு ஒக்கார மாட்டீங்குது. நானு நின்னா செரியாப்போயிரும்."

"கோவமெல்லாம் இல்ல கண்ணு" என்றேன். இல்லைதான். அவன் உடம்பு அவனுடையது. அவன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

அவன் இறங்கி, ரோட்டில் நாங்கள் கீறி வைத்திருந்த கோட்டுக்குப் போய் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். வெயில் மலைப்பக்கமிருந்து சாய்வாக வந்தது, படத்தில் வருகிற அதே சாய்வில். நான் வண்டியை வழக்கத்தைவிடப் பின்னால் எடுத்துப் போனேன். அவன் அங்கிருந்து கையை ஆட்டினான், போதும் என்கிற மாதிரி. நான் இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், பிற்பாடு சந்தேகம் வரக் கூடாது. பிரேக் நன்றாக இருந்தது. லைனிங்கை நானே மாற்றியிருந்தேன். கால் அதன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

படத்தில் கேட்கிற சத்தம் வரவில்லை. அவர்கள் அதை ஸ்டூடியோவில் சேர்த்திருக்கிறார்கள்.

இறங்கி முன்பக்கம் போனேன். குனிந்து, கண்ணை மூடி, பானட்டில் கையை வைத்தேன். இடுப்பு அகலமாக, ஆழமில்லாமல். இடப்பக்கம் முழங்கை. விளிம்பு எங்கேயும் விரலைக் குத்தவில்லை. கண்ணைத் திறந்தபோது அதற்குள் நிழல் தேங்கியிருந்தது, கையில் வாங்கி வைத்த மாதிரி. சீனிவாசலு சொன்னது அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

"ஏனுங்ணா" என்று ரோட்டோரத்தில் இருந்து குரல் வந்தது. "வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு கண்ணு."

"நெசமாலுமா?"

"அப்படியே வந்துருச்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். "காலு ரெண்டும் இருக்கற மாதிரியே தெரியலீங்ணா. சின்னாத்தாகிட்டச் சொல்லீராதீங்க. பயந்துக்குவா."

ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரைக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்தான். ஆஸ்பத்திரி தூரமில்லை, வண்டியும் ஓடுகிற நிலையில்தான் இருந்தது. ஆனால் சீட் எல்லாம் அன்றைக்கு மாட்டிய புது ரெக்சின். அந்தச் சிவப்பு கிடைப்பதற்குத் திருப்பூர்வரை அலைந்திருக்கிறேன். அதோடு, எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை காலையில் சீனிவாசலு வரும்போது பட்டறையில் கார் இருக்காது. இதையெல்லாம் யோசித்துப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். நான் கிளம்பும்போது அவனுக்கு மூச்சு இருந்தது. "ஆளக் கூட்டீட்டு வாரீங்களா?" என்று கேட்டான். வாரேன் என்றேன்.

வண்டியைப் பட்டறைக்குள் விட்டுத் தார்பாய் போர்த்திவிட்டு வெளியே வந்தால், சின்னாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு உங்ககூட வரலீங்களாண்ணா?"

"இன்னைக்கு இந்தப் பக்கமே வரல அம்மணி. சூலூருக்குப் போறேன்னான். அந்த லட்சுமிநாராயணன் வண்டிக்கு நிக்கறானாமா."

"அங்கயுமா? ஊருக்கெல்லாம் அளவுகோலு. ஊட்டுக்கு மட்டும் ஆவறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கப்பனின் உடல் அந்த ரோட்டோரத்தில் கிடைத்த பிறகு, போலீஸ் லட்சுமிநாராயணனைத்தான் கூப்பிட்டு விசாரித்தது. கம்பெனி வாசலில் அவர் அங்கப்பனோடு பேசியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கொஞ்ச காலம் அவரை அலைய விட்டார்கள். பிறகு, ஏதோ லாரி அடித்துவிட்டுப் போய்விட்டது என்று முடித்தார்கள். அந்த மண் ரோட்டில் லாரி போகாது. அதை யாரும் கேட்கவில்லை.

என்னை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். அங்கப்பன் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அவன் சூலூருக்குப் போகிறேன் என்று சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு வேலையை எடுத்தால் அதைச் சரியாக முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பள்ளம் வேண்டியிருந்தது. அது வேறு எப்படியும் வரவில்லை. பள்ளத்துக்காகத்தான் செய்தேன். பள்ளத்துக்காக மட்டும்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, விடிந்ததும் பட்டறையைத் திறந்து, பானட்டுக்கு அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து, மரச்சுத்தியலால் அந்தப் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தினேன். மேலே பெயின்ட் அடித்தேன். சீனிவாசலு வந்தபோது தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பள்ளம் வரலீங்களா வெங்கடபதி?" என்று கேட்டார். வரலீங்க என்றேன்.