கண்ணாடியில் எச்சில்

இரவு இரண்டரை மணி. தென்னாப்பிரிக்காவில் ஃபிரேசர்பர்க் ஊரிலிருந்து மேற்கே பிரியும் மண் சாலை. இருபது கிலோமீட்டருக்கு ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை... அந்தச் சாலையில்தான் போன ஜூன் மாதம் நம் யூரியின் மச்சினி எல்மாரி காரை விரட்டிக்கொண்டு வந்தாள். அங்கே ஜூன்தான் குளிர்காலம், பனி கொட்டும் குளிர். ஆனால் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி விட்டிருந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

யூரியை உங்களுக்குத் தெரியும். ஆட்டுப்பண்ணைக்காரன், கதை கட்டத் தெரியாதவன். அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

எல்மாரி இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள். சீழ், வாந்தி, அழுகிய கால்... எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. வேலையை விட்டதும் ஆளில்லாத ஒரு பழைய பண்ணையை வாங்கித் தனியாகக் குடிபோனாள். வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். ஆடு அறுக்கிற கொட்டகையைக் கழுவி, கொக்கிகளைப் பிடுங்கிப் போட்டு, கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்கும்படி மாற்றினாள். நடுவில் உயரமான தூண். அதன்மேல் தொலைநோக்கி, அதன் வால்பக்கம் கேமரா. அண்ணாந்து நிற்கும் குழாயின் முகப்புக் கண்ணாடி அவள் தலைக்கு மேலே இரண்டு முழம். துடைக்க ஏணி வேண்டும்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் படம் பிடித்தது வானத்தில் ஒரே ஒரு வாயுமேகத்தைத்தான். கண்ணுக்கே தெரியாத மங்கல். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம், இரவு முழுக்க. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் வரும்.

விடியும்போது குழாயின் வாயில் ஒரு வெள்ளைப் பனியனைக் கட்டி, வெளுத்த வானத்தை எடுப்பாள். கண்ணாடியில் தூசி எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒரு நாள் அதில் தூசி தெரியவில்லை. கீழிருந்து மேலாக அகலமாக ஒரு இழுப்பு... அதற்குள் வரிசை வரிசையாகச் சொரசொரப்பான புள்ளிகள்.

ஏணியில் ஏறிப் பனியனை அவிழ்த்தாள். அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, நூல் நூலாக இழுபட்டு வந்தது. முகர்ந்தாள். அரைபட்ட புல்... புளித்த பால்... அதற்கு அடியில் சொத்தைப்பல் நாற்றம்.

யூரிக்குப் போன் போட்டாள்.

“உன் ஆடு ஏதாவது இங்க வந்துச்சா?”

“என் ஆட்டுக்கு ஏணி ஏறத் தெரியாதும்மா. கறி தின்ன கையோட நீயே தடவியிருப்பே.”

“நான் நர்ஸ், யூரி. எச்சிலைப் பாத்தா எனக்குத் தெரியாதா?”

“அப்போ அதை மூடிட்டு இங்க வந்து படு. உன் அக்காவும் புலம்பிக்கிட்டே இருக்கா.”

“நிலா இல்லாத ராத்திரி இன்னும் ரெண்டுதான் இருக்கு. விட்டா அடுத்த வருஷம்தான். கழுவிட்டு எடுக்கிறேன்.”

எரிசாராயம் போட்டு மூன்று தடவை துடைத்தாள். அன்று இரவு கதவை உள்ளே தாழிட்டாள். கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தூணுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தாள். மோட்டார் மெல்ல முனகியது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை... க்ளிக்.

ஒரு மணிவரை ஒன்றுமில்லை. இரண்டுக்கு அந்த நாற்றம் வந்தது.

பிறகு சத்தம். தலைக்கு மேலே. சளப்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

சளப்... அவசரமே இல்லாமல், ருசித்து நக்குகிற சத்தம்.

எழுந்து விளக்கைப் போட்டாள். யாருமில்லை. திறந்த கூரைக்கு மேலே வெறும் நட்சத்திரங்கள். குழாயின் விளிம்பிலிருந்து கொழகொழவென்று ஒரு எச்சில் இழை தொங்கி, மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்...

இழை அறுந்தது. நேராக அவள் நாக்கின்மேல் விழுந்தது.

இருபது வருஷ நர்ஸ் தரையில் மண்டியிட்டுக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். காறிக் காறித் துப்பினாள். கோட்டுக் கையால் நாக்கைத் தேய்த்தாள். அந்த வழவழப்பு போகவில்லை. அப்புறம் தாழைத் திறந்துகொண்டு ஓட்டம்தான். கூரையை மூடவில்லை, கேமராவை எடுக்கவில்லை.

காரிலும் அதே நாற்றம். தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தாள். அதனால்தான் கண்ணாடிகளை இறக்கினாள். உறைகிற காற்று கார் முழுக்க வீசியது. நாற்றம் குறையவே இல்லை.

யூரியின் வீட்டு நாய்கள் வழக்கமாகச் சக்கரத்தைக் கடிக்க வரும். அன்று ஒன்றுகூடக் குரைக்கவில்லை. டிராக்டருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

கதவைத் திறந்த அக்கா ஹெஸ்டர் மூக்கைச் சுளித்தாள்.

“சீ! எங்கேடி விழுந்து எந்திரிச்சு வரே?”

எல்மாரி உப்புத் தண்ணீர் வாங்கி நான்கு தடவை கொப்பளித்தாள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, குழந்தைக்குக் கழற்றுவதுபோல அவள் கோட்டின் பொத்தான்களை ஹெஸ்டரே கழற்றினாள். கோட்டு காய்ந்து விறைத்திருந்தது. உள்ளே ஸ்வெட்டரின் முதுகு ஈரம். அதற்குள் சட்டை, முதுகோடு ஒட்டிக்கிடந்தது. ஹெஸ்டர் அதை உரித்தாள்... நூல் நூலாக இழுபட்டு வந்தது. இடுப்பிலிருந்து பிடரிவரை, ஒரே இழுப்பாக, சிவந்து சொரசொரத்திருந்தது தோல்.

ஹெஸ்டர் துடைக்கக் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அந்த எச்சில் இன்னும் சூடாக இருந்தது.